அம்மாவுக்கு விட்டமின் டி வெறும் 8.4, அதனாலதான் இந்த இளைப்பா டாக்டர்?

இந்த தடவை பதில் சொல்ல எடுத்துக்கிட்ட கடிதம், திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாக்குற 34 வயசு தம்பி ஒருத்தர் எழுதினது. சொந்த ஊர் மணப்பாறை பக்கம். நீளமா எழுதியிருக்கார், அடையாளம் தெரியுற விஷயத்த எல்லாம் எடுத்துட்டு சுருக்கி சொல்றேன்.

அம்மாவுக்கு 62 வயசு. முப்பது வருஷத்துக்கு மேல வீட்டுக்குப் பின்னாடி சாய்ப்பு இறக்கி, அதுல விறகு அடுப்பு போட்டு முறுக்கு சுட்டு கடைகளுக்கு குடுத்துட்டு இருக்காங்க. பீடி சிகரெட் தொட்டதே இல்ல. ஆனா பல வருஷமா இருமல், சளி, நாலு எட்டு வேகமா நடந்தா மூச்சு வாங்கறது. போன மாசம் ராத்திரி திடீர்னு இளைப்பு ஜாஸ்தியாகி திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் வச்சிருந்தாங்க. அங்க மெஷின்ல ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்து சிஓபிடின்னு சொல்லிட்டாங்க, அதாவது மூச்சுக் குழாய் சுருங்கிப் போற நாள்பட்ட நுரையீரல் நோய். ரத்தத்துல விட்டமின் டி 8.4 தான் இருந்துச்சு. ரெண்டு இன்ஹேலர், கால்சியம் மாத்திரை, 60,000 யூனிட் விட்டமின் டி கேப்ஸ்யூல் எல்லாம் எழுதிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

தம்பியோட கேள்விகள் இது: விட்டமின் டி கம்மியானதாலதான் அம்மாவுக்கு இந்த மூச்சு பிரச்சனையே வந்துச்சா, அது ஏறிட்டா இன்ஹேலர நிறுத்திடலாமா? மச்சான் ஒருத்தர் மாத்திரையெல்லாம் வேஸ்ட், ஆறு லட்சம் யூனிட் ஊசி ஒண்ணு போட்டா முடிஞ்சுதுங்கிறாரு, போடலாமா? காலம் பூரா வெயில் அடிக்கிற ஊர்ல இருக்கிறவங்களுக்கு எப்படி இது கம்மியாகும், லேப்ல ஏதாவது தப்பா?

கடிதத்தோட கடைசியில போற போக்குல ரெண்டு வரி எழுதியிருக்கார், அத அவர் வார்த்தையிலயே தர்றேன். "கேப்ஸ்யூல் தினமும் காலையில வெறும் வயித்துல ஒண்ணு தவறாம குடுத்துட்டு வர்றோம், 21 முடிஞ்சிருச்சு. ஆனா தெம்பு வந்த மாதிரி தெரியல, பத்து நாளா மலச்சிக்கல் வேற, வாய் வறண்டு போகுதுங்கிறாங்க, ராத்திரி மூணு நாலு தடவ எழுந்து பாத்ரூம் போறாங்க, வயசாகுதுல்ல."

முதல்ல அந்த கேப்ஸ்யூல நிறுத்துங்க

தம்பி, உங்க மூணு கேள்விக்கும் பதில் இருக்கு, ஆனா அதெல்லாம் அப்புறம். இத படிச்ச உடனே அம்மாவுக்கோ அங்க கூட இருக்கிறவங்களுக்கோ போன் பண்ணி அந்த கேப்ஸ்யூல நிறுத்தச் சொல்லுங்க. நாளைக்கு காலையில 22 ஆவது உள்ள போகக் கூடாது. கால்சியம் மாத்திரையையும் ரத்த டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க.

60,000 யூனிட் கேப்ஸ்யூல்ங்கிறது வாரத்துக்கு ஒண்ணு. தினமும் இல்ல. வழக்கமா வாரம் ஒண்ணுன்னு எட்டு வாரம், அதுக்கப்புறம் மாசம் ஒண்ணு, இதுதான் நம்ம ஊர்ல பரவலா எழுதுறது. நீங்க அனுப்பின டிஸ்சார்ஜ் சம்மரி போட்டோவுலயும் வாரம் ஒரு முறைன்னுதான் இங்கிலீஷ்ல இருக்கு. ஆனா பக்கத்துலயே இருக்குற ஸ்ட்ரிப் போட்டோவுல பேனாவால 1-0-0 ன்னு எழுதியிருக்கு பாருங்க, அது மருந்துக்கடையில எழுதினது. 1-0-0 ன்னா தினமும் காலையில ஒண்ணுன்னுதான் யாரா இருந்தாலும் எடுத்துப்பாங்க. இதுல உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல, இந்த குழப்பம் ஊர் பூரா நடக்குது. ஸ்ட்ரிப் மேல தமிழ்ல பெருசா "வாரம் ஒண்ணு மட்டும்"னு அச்சடிச்சா குறைஞ்சா போயிடுவாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா கோவம் உண்டு.

கணக்கு போட்டுப் பாருங்க. 21 கேப்ஸ்யூல்னா 12 லட்சத்து 60 ஆயிரம் யூனிட். பெல்ஜியத்துல சிஓபிடி நோயாளிகளுக்கு விட்டமின் டி குடுத்து ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2012 ல வெளியாச்சு, அதுல நாலு வாரத்துக்கு ஒரு தடவ ஒரு லட்சம் யூனிட்னு ஒரு வருஷம் பூரா குடுத்தாங்க. வருஷத்துக்கே மொத்தம் 13 லட்சம் தான் வரும். அந்த ஒரு வருஷ அளவு கிட்டத்தட்ட உங்க அம்மாவுக்கு மூணு வாரத்துல உள்ள போயிருக்கு.

பயப்பட வேண்டாம், அதே நேரத்துல தள்ளிப் போடவும் வேண்டாம். நிறைய பேருக்கு இந்த அளவுல ஒண்ணும் ஆகாம போயிடும், அதுவும் அம்மாவுக்கு ஆரம்பத்துல 8.4 ன்னு அடிமட்டத்துல இருந்ததால கொஞ்சம் தாங்கியிருக்கலாம். ஆனா சில பேருக்கு ரத்தத்துல கால்சியம் ஏறிடும். விட்டமின் டியோட முக்கியமான வேலையே குடல்லேர்ந்து கால்சியத்த இழுத்து ரத்தத்துக்கு அனுப்புறதுதான், டி எக்கச்சக்கமா இருந்தா அந்த வேலையும் எக்கச்சக்கமா நடக்கும். கால்சியம் ஏறினா என்ன பண்ணும் தெரியுமா, தாகம், வாய் வறட்சி, அடிக்கடி யூரின், மலச்சிக்கல், பசியில்லாம போறது, சோர்வு. நீங்க வயசாகுதுன்னு சொன்ன லிஸ்ட்டும் இந்த லிஸ்ட்டும் ஒண்ணா இருக்குங்கிறதுதான் என்னை உடனே எழுத வச்சது. இன்னும் ஏறினா வாந்தி, ஆளு குழம்பிப் பேசுறது, கிட்னி பாதிக்கிறது வரைக்கும் போகும்.

அதுக்காக இது கால்சியம்தான்னு நான் இங்க உக்காந்துக்கிட்டு முடிவு பண்ணவும் மாட்டேன். ரெண்டு இன்ஹேலர்ல ஒண்ணு டயோட்ரோபியம், அதுவே சில பேருக்கு வாய வறட்டும், மலச்சிக்கல் பண்ணும். இன்னொன்னு, அம்மா இளைப்பு வந்தா கடையில "வீசிங்குக்கு ஒரு செட்" வாங்கி சாப்பிடுவாங்கன்னு எழுதியிருக்கீங்க, அந்த செட்டுல ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி, ஸ்டீராய்டு சுகர ஏத்தும், சுகர் ஏறினாலும் ராத்திரி இதே மாதிரி எழுந்து எழுந்து போகணும். மூணுல எதுன்னு ரத்தம்தான் சொல்லும்.

அதனால நாளைக்கே மணப்பாறை ஜிஹெச்லயோ பக்கத்துல இருக்கிற லேப்லயோ சீரம் கால்சியம், அல்புமின், கிட்னிக்கான கிரியாட்டினின், சுகர், 25-ஹைட்ராக்ஸி விட்டமின் டி, இதெல்லாம் பாருங்க. டி டெஸ்ட் ரிசல்ட் வர லேட் ஆகும், அதுக்கு காத்திருக்க வேண்டாம், கால்சியமும் கிரியாட்டினினும்தான் அவசரம், அது அன்னைக்கே வந்துடும். கால்சியம் பொதுவா 8.5 லேர்ந்து 10.5 வரைக்கும் நார்மல். 12 க்கு மேல போனா அட்மிஷன் தேவைப்படலாம்.

பிரஷர் மாத்திரை ஒண்ணு சாப்பிடுறாங்கன்னு இருக்கு, பேர் எழுதல. ஸ்ட்ரிப்ப எடுத்துப் பாருங்க, பேருக்குப் பின்னாடி ஹெச்னு தனியா ஒரு எழுத்து இருந்தாலோ, உள்ள இருக்குற மருந்துல ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தலிடோன்னு இருந்தாலோ டாக்டர்கிட்ட காட்டுங்க. அது யூரின் வழியா கால்சியம் வெளிய போறத தடுக்கும், ஏற்கனவே ஏறியிருந்தா இன்னும் ஏத்தி விடும். அதே மாதிரி டிகாக்ஸின்ங்கிற இதய மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு கால்சியம் ஏறினா இதயத் துடிப்பு தாறுமாறாகும். தண்ணி நல்லா குடிக்கச் சொல்லலாம், ஆனா கால் வீக்கம் இருந்தா எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு குடுங்க. நாள்பட்ட நுரையீரல் நோய்ல இதயத்தோட வலது பக்கம் சோர்ந்து போய் கால் வீங்கியிருக்கிறவங்களுக்கு தண்ணியும் அளவாதான் குடுக்கணும்.

கேப்ஸ்யூல நிறுத்தின உடனே உடம்புல இருக்கிறது இறங்கிடாது. விட்டமின் டி உடம்பு கொழுப்புல சேர்த்து வச்சுக்கிற சரக்கு, வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல மெதுவா வெளிய வரும். அதனால முதல் டெஸ்ட்ல கால்சியம் நார்மலா இருந்தாலும் ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துடுங்க.

ஊசி கேள்விக்கு ஒரே வார்த்தை, வேண்டாம்

மச்சான் நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாரு. ஆனா இப்ப இருக்கிற நிலமையில அந்த ஆறு லட்சத்தையும் ஏத்தினா என்ன ஆகும்னு இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல. பொதுவாவே, வயசானவங்களுக்கு மொத்தமா கொட்டுறது நல்லதில்லங்கிறதுக்கு ஆதாரம் இருக்கு. ஆஸ்திரேலியாவுல 70 வயசுக்கு மேல 2,256 பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ அஞ்சு லட்சம் யூனிட் குடுத்தா எலும்பு முறிவு குறையுமான்னு பாத்தாங்க, 2010 ல வந்தது. குறையல, டி குடுத்தவங்கதான் ஜாஸ்தி கீழ விழுந்தாங்க, எலும்பு முறிவும் அவங்களுக்குத்தான் கால் பங்கு அதிகம். ஊசி, வாயில குடுக்க முடியாதவங்களுக்கும் குடல் சரியா உறிஞ்சாதவங்களுக்கும் டாக்டர் யோசிச்சு போடுறது. சாப்பாடு சாப்பிட முடிஞ்சவங்களுக்கு மாத்திரையே போதும்.

டி கம்மியானதால இளைப்பா, இளைப்பால டி கம்மியா?

உங்க முதல் கேள்வி இதுதான், நிறைய பேர் இங்கதான் தலைகீழா புரிஞ்சுக்கிறாங்க. சிஓபிடி உள்ளவங்களுக்கு டி கம்மியா இருக்கிறது ரொம்ப சகஜம். பெல்ஜியத்துல லூவன்ங்கிற ஊர்ல 2010 ல பாத்தப்ப, நோய் முத்தின மூணாவது கட்டத்துல இருக்கிறவங்கள்ல 60 சதவீதம் பேருக்கும், நாலாவது கட்டத்துல 77 சதவீதம் பேருக்கும் 20 க்கு கீழ, அதாவது பற்றாக்குறைன்னு சொல்ற அளவுல இருந்துச்சு. நுரையீரல் மோசமாக மோசமாக டி அளவும் இறங்குது. ஆனா மழை பெய்ற அன்னைக்கு எல்லாரும் குடை புடிக்கிறாங்கன்னு, குடையாலதான் மழை வருதுன்னு சொல்ல முடியாதுல்ல.

உங்க அம்மா கதையையே எடுத்துக்குங்க. மூச்சு வாங்குறதால வெளிய போறது குறைஞ்சு போச்சு, சந்தைக்குப் போறது நின்னு போச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பகல்ல பாதி நேரம் சாய்ப்புக்குள்ள அடுப்பு முன்னாடி. சாப்பிட்டா மூச்சு முட்டுதுன்னு சாப்பாடு பாதியா குறைஞ்சிருச்சு. வயசாக வயசாக தோல் விட்டமின் டி செய்யற சக்தி குறையும். அதுக்கும் மேல வருஷக்கணக்கா அந்த செட் மாத்திரை, ஸ்டீராய்டு விட்டமின் டிய சீக்கிரம் சிதைக்கும், எலும்பையும் தனியா அரிக்கும். இத்தனையும் சேர்ந்தா 8.4 வராம என்ன பண்ணும்? உடம்புல கடுமையான அழற்சி இருக்கிற நேரத்துல அளவு கொஞ்சம் இறங்கிக் காட்டும்ங்கிறதும் உண்மைதான், அட்மிஷன் சமயத்துல எடுத்த டெஸ்ட் ஆச்சே. ஆனா அத கழிச்சுப் பாத்தாலும் 8.4 கம்மிதான், லேப் மேல சந்தேகப்பட ஒண்ணுமில்ல.

அப்ப டி குடுத்தா இளைப்பு குறையுமா? குடுத்துப் பாத்திருக்காங்க. நான் மேல சொன்ன 2012 பெல்ஜியம் ஆராய்ச்சியில 182 பேர், லண்டன்ல 2015 ல வந்ததுல 240 பேர். ரெண்டுலயும் மொத்தமா பாத்தா, நோய் திடீர்னு கிளம்பி ஆஸ்பத்திரிக்கு ஓடுற தடவைகள் குறையல. ஆனா ஆரம்பத்துலயே ரொம்ப கம்மியா இருந்தவங்கள மட்டும் பிரிச்சுப் பாத்தப்ப கொஞ்சம் பலன் தெரிஞ்சுது. 2019 ல இந்த மாதிரி ஆராய்ச்சிகளோட தனித்தனி நோயாளி விவரத்த ஒண்ணா சேர்த்து 469 பேர அலசினாங்க, 10 க்கு கீழ இருந்தவங்களுக்கு இந்த மாதிரி இளைப்பு அட்டாக் கிட்டத்தட்ட 45 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, 10 க்கு மேல இருந்தவங்களுக்கு ஒண்ணும் பெருசா இல்ல. அப்படியான்னு எல்லாரும் சந்தோஷப்பட்டப்ப, 2022 ல நெதர்லாந்துல டி கம்மியா இருக்கிறவங்களா பாத்து 155 பேர எடுத்து வாரா வாரம் 16,800 யூனிட் ஒரு வருஷம் குடுத்தாங்க, அதுல அட்டாக் குறையல.

அதனால நான் இத எப்படி பாக்குறேன்னா, 10 க்கு கீழ இருந்தா கண்டிப்பா சரி பண்ணணும், சிஓபிடிக்கான கோல்டுங்கிற உலக வழிகாட்டியும் அட்டாக் வந்து அட்மிட் ஆகுறவங்களுக்கு 10 க்கு கீழ இருக்கான்னு பாத்து, இருந்தா குடுங்கன்னுதான் சொல்லுது. உங்க அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்ததும் கேப்ஸ்யூல் எழுதினதும் ரெண்டும் சரி. ஆனா அது நுரையீரலுக்கான மருந்துன்னு நினைச்சு குடுக்கக் கூடாது. புகையால சுருங்கிப்போன மூச்சுக் குழாய, கிழிஞ்சு போன காத்துப் பைய விட்டமின் டி திருப்பிக் கட்டாது.

பின்ன எதுக்கு குடுக்கிறோம்? எலும்புக்கும் தசைக்கும். நீங்க ஒரு விஷயம் எழுதியிருக்கீங்க, தரையில உக்காந்து முறுக்கு சுத்திட்டு எழுந்திருக்கும்போது ஒரு கைய தரையில ஊன்றி, இன்னொரு கையால தூண புடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திருக்கிறாங்கன்னு. மூட்டு வலின்னு நினைச்சிருப்பீங்க. இடுப்பு, தொடை தசை வீக் ஆகுறது டி பற்றாக்குறையோட அடையாளம், ஸ்டீராய்டு மாத்திரையும் இதே தசையத்தான் அடிக்கும். இது சரியான அளவுல டி குடுத்தா ரெண்டு மூணு மாசத்துல நல்லா தெரியுற மாதிரி தேறும். தெம்பு வந்தா நடப்பாங்க, நடந்தா இளைப்பே கொஞ்சம் தாங்குற மாதிரி ஆகும், அந்த வழியில பலன் இருக்கு. மூணு வாரத்துல எதிர்பார்க்காதீங்க.

அப்புறம் அந்த கூன். போன வருஷம் குடம் தூக்கும்போது முதுகுல சுளீர்னு புடிச்சது, அதிலேர்ந்து கொஞ்சம் குனிஞ்ச மாதிரியே நடக்குறாங்கன்னு இருக்கு. முதுகெலும்பு சைடுல ஒரு எக்ஸ்ரே எடுங்க. எலும்பு நொய்ஞ்சு போனவங்களுக்கு முதுகெலும்பு கட்டை ஒண்ணு சத்தமில்லாம நசுங்கிடும், சுளுக்குன்னு எண்ணெய் தேய்ச்சுட்டு விட்டுடுவாங்க. கூன் விழுந்தா நெஞ்சுக்கூடு விரியற இடம் குறையும், ஏற்கனவே திணறுற நுரையீரலுக்கு அது ரெண்டாவது அடி. நசுங்கியிருந்தா எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன், எலும்புக்குன்னு தனி மருந்து எல்லாம் பேசணும், அங்க விட்டமின் டி மட்டும் பத்தாது.

வெயில்

திண்ணையில காலையில ஆறரைக்கு இளவெயில்ல உக்காருறாங்க, அப்புறமும் ஏன் கம்மின்னு கேட்டிருக்கீங்க. இளவெயில்ல வெளிச்சம் இருக்கும், விட்டமின் டி செய்யற புற ஊதா பி கதிர் கிட்டத்தட்ட இருக்காது, சூரியன் சாய்வா இருக்கும்போது அது காத்து மண்டலத்துலயே வடிகட்டிடும். நம்ம அட்சரேகைக்கு பக்கத்துல இருக்கிற திருப்பதியில இத அளந்தே பாத்திருக்காங்க, பதினோரு மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும்தான் நல்லா உருவாகுது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்தா சுத்தமா இல்ல. நம்ம மாதிரி கருத்த தோலுக்கு இன்னும் கூட நேரம் வேணும். சேலைய இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்தா முகமும் முன்கையும்தான் மிச்சம்.

அதுக்காக சித்திரை வெயில்ல உச்சி நேரத்துல கொண்டு போய் உக்கார வச்சிராதீங்க. சிஓபிடிகாரங்களுக்கு கடும் சூடே இளைப்ப கிளப்பி விடும். கார்த்திகையிலேர்ந்து மாசி வரைக்கும் பதினொன்னு வாக்குல இருபது நிமிஷம், கோடையில பத்து மணிக்கு முன்னாடியே முடிச்சுக்கலாம், டி கம்மியாதான் கிடைக்கும், பரவாயில்ல, நடந்த பலன் கிடைக்கும். இந்த அளவு பள்ளத்துல இருக்கிறவங்கள வெயில மட்டும் நம்பி தூக்க முடியாது.

சாப்பாட்டாலயும் முடியாது. ஒரு முட்டையில சுமார் 40 யூனிட், ஒரு நாளைக்கு தேவை 600 லேர்ந்து 800. மத்தி, கானாங்கெளுத்தி கிடைச்சா நல்லது, மணப்பாறையில தினமும் எங்க போறது. முட்டைய புரோட்டீனுக்காக குடுங்க, அதுதான் இப்ப அவங்க தசைக்கு தேவை. கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளையா சாப்பிட்டா வயிறு முட்டாது, மூச்சும் முட்டாது.

பம்பும் அடுப்பும்

இன்ஹேலர நிறுத்தலாமான்னு கேட்டதுக்கு, நிறுத்தக் கூடாது. "பம்பு அடிச்சா பழகிடும்"னு அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் அடிக்கிறாங்கன்னு இருக்கு. அதுல இருக்கிற மருந்து மைக்ரோகிராம் கணக்கு, நேரா நுரையீரலுக்கு போகுது. பயமே இல்லாம சாப்பிடுற அந்த செட் மாத்திரைதான் மில்லிகிராம் கணக்குல உடம்பு பூரா சுத்தி எலும்ப, சுகர, தோல எல்லாத்தையும் பதம் பாக்குது. பழகிடும்னு பயப்பட வேண்டியது அதுக்குத்தான். ஒழுங்கா தினமும் இன்ஹேலர் எடுத்தா அட்டாக் குறையும், அட்டாக் குறைஞ்சா செட் வாங்க வேண்டிய அவசியம் குறையும், எலும்பும் பிழைக்கும். ஒண்ணு மட்டும், வருஷக்கணக்கா அடிக்கடி செட் சாப்பிட்டவங்க ஒரே நாள்ல வெட்டி விடக் கூடாது, உடம்பு சொந்தமா ஸ்டீராய்டு சுரக்கிறத மறந்திருக்கும், தலைசுத்தல் மயக்கம் வரும். மாசத்துக்கு எத்தனை செட்னு உண்மைய டாக்டர்கிட்ட சொல்லி படிப்படியா நிறுத்துங்க. பம்ப ஸ்பேசர்ங்கிற குழாய மாட்டி எப்படி அடிக்கிறதுன்னு நர்ஸ் முன்னாடி அம்மாவ ஒரு தடவ செஞ்சு காட்டச் சொல்லுங்க, பாதி பேர் மருந்த நாக்குலதான் அடிக்கிறாங்க. அடிச்சதும் வாய் கொப்பளிக்கணும்.

அடுப்புதான் கஷ்டமான பேச்சு. அவங்க சொந்தக் கால்ல நின்னு உங்கள படிக்க வச்ச தொழில் அது, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பத்தாவது நாளே ரெண்டு ஈடு போட்டுட்டாங்கன்னு நீங்க வருத்தமா எழுதினது எனக்கு புரியுது. தொழில விடச் சொல்லாதீங்க, கேக்க மாட்டாங்க. விறக மட்டும் விடச் சொல்லுங்க. ஊசி, கேப்ஸ்யூல்னு செலவு பண்ண நினைச்ச காச ஒரு பெரிய கேஸ் பர்னருக்கு போடுங்க, சாய்ப்புல எதிரெதிரா ரெண்டு பக்கம் திறந்து விடுங்க. மாவு பிசையறது, சுத்துறது அம்மா, எண்ணெய் சட்டி பக்கம் நிக்கிறது வேற ஆளுன்னு பிரிச்சுக்க முடிஞ்சா இன்னும் நல்லது. விறகுல சுட்டாதான் ருசின்னு கடைக்காரர் சொல்வாரு, சொல்லட்டும். நுரையீரல் இறங்கிப் போற வேகத்த குறைக்க புகைய விட்டு விலகுறத விட பெரிய மருந்து எங்ககிட்ட இல்ல.

கூடவே வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி போட்டாச்சான்னு கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி சொல்லித் தர்றாங்க, ஊர் செவிலியர்கிட்ட விசாரிங்க, மூச்சுப் பயிற்சியும் கால் தசைப் பயிற்சியும் கேட்டு வாங்குங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் சும்மா உக்காந்திருக்கும்போதே 88 அல்லது அதுக்கு கீழ காட்டினா வீட்டு ஆக்சிஜன் தேவையான்னு பாக்கணும்.

கடிதத்துக்கு வெளிய ஒண்ணு, இத படிக்கிற மத்தவங்களுக்கு. எல்லா நுரையீரல் நோயும் சிஓபிடி இல்ல. சார்காய்டோசிஸ்னு ஒரு நோய் இருக்கு, அதுல நோய்க் கட்டிகளே விட்டமின் டிய அதோட வீரியமான வடிவத்துக்கு மாத்திக்கிட்டே இருக்கும். டெஸ்ட்ல டி கம்மின்னு காட்டும், நம்பி குடுத்தா கால்சியம் எகிறிடும். டிபியிலயும் சில சமயம் இப்படி நடக்கும். அதனால பக்கத்து வீட்டுக்காரருக்கும் மூச்சு வாங்குது, அவருக்கும் இதே கேப்ஸ்யூல்னு வாங்கிக் குடுத்துராதீங்க.

திரும்ப எப்ப ஆரம்பிக்கிறதுன்னா, கால்சியம் ரெண்டு தடவையும் நார்மல்னு வந்து, டி அளவும் தெரிஞ்ச பிறகு டாக்டர் சொன்னா மட்டும். அநேகமா பல மாசத்துக்கு தேவைப்படாது. ஆரம்பிக்கும்போது வெறும் வயித்துல வேண்டாம், கொழுப்புல கரையற விட்டமின், மதியம் எண்ணெய் நெய் சேர்ந்த சாப்பாட்டுக்கு அப்புறம் குடுத்தாதான் நல்லா சேரும். கால்சியம் மாத்திரைக்குள்ளயும் கொஞ்சம் டி இருக்கும், கணக்குல சேர்த்துக்குங்க. ஞாயிற்றுக்கிழமைன்னு ஒரு நாள முடிவு பண்ணி, மிச்சம் இருக்கிற ஸ்ட்ரிப்ப அம்மா கைக்கு எட்டாம வேற ஒருத்தர்கிட்ட குடுத்து வைங்க.

ரிசல்ட் வந்ததும் எழுதுங்க. ஆனா கால்சியம் 10.5 தாண்டியிருந்தா என் பதிலுக்கு காத்திருக்க வேண்டாம், அந்த பேப்பரையும் காலியான ஸ்ட்ரிப்புகளையும் எடுத்துக்கிட்டு அன்னைக்கே டாக்டர போய்ப் பாருங்க. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, தூக்கமா தூங்கிக்கிட்டே இருந்தாலோ 108 க்கு போன் பண்ணுங்க, ஏறினதும் முதல் வார்த்தையா "விட்டமின் டி 21 சாப்பிட்டிருக்காங்க"ன்னு சொல்லுங்க. வெறும் இளைப்புன்னு சொல்லிட்டா அங்க யாரும் கால்சியம் பாக்க மாட்டாங்க.